தடித்த இரைச்சல்

"சாச்சுப் புடிங்க தம்பி... இன்னும் கொஞ்சம். சுவத்துல இடிக்குது பாருங்க!"

குளிப்பாட்டும் பலகை சமையலறை வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கம் பள்ளிவாசல் லெப்பை, பின்பக்கம் ஷாஹுல். நாலு மாடி ஒழுங்காக ஏறி வந்த பலகை கடைசிப் பத்தடியில் வர மாட்டேன் என்றது.

"கட்டில் ஏத்தி எறக்கிப் பழக்கமில்லியா? கல்யாணத்துக்குக் கட்டில் எப்படி மேல வந்துச்சு?" என்றார் லெப்பை. சாவு விழுந்த மையித்து வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. யாங்கோனில் முப்பது வருடமாக மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர்.

"அதெல்லாம் மாமா பாத்துக்கிட்டாங்க," என்றான் ஷாஹுல்.

அவர்கள் வழக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் மிஸ்பாவைக் கட்டிக்கொண்டு அவன் இங்கே வந்தபோது, கட்டிலையும் பீரோவையும் கூலியாட்களோடு சேர்ந்து தோள் கொடுத்து ஏற்றியவர் மாமா. அந்த முத்து முகம்மது இப்போது கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு செய்யப் போனவர். ஐந்தரை மணிக்கு மாமி மதீனா பீவி எழுந்து பார்த்தபோது குழாயடியில் சரிந்து கிடந்தார். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். அறுபத்துமூன்று வயது, பத்து வருடச் சர்க்கரை. "ஹார்ட்தான்," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஷாஹுலுக்கும் வரவில்லை. மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று.

பலகை ஒரு வழியாக உள்ளே போனது. லெப்பை குளியலறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு டிரம் தண்ணி வேணும். ஒரு சட்டி வெந்நி. இங்க இருக்கிற சாமானையெல்லாம் எடுத்துருங்க தம்பி. கால்ல தட்டக்கூடாது."

ஷாஹுல் சோப்புப் பெட்டியை எடுத்தான். பல் தூரிகைகளை எடுத்தான். வாசலில் மாமாவின் ரப்பர் செருப்பு கழற்றி விட்டபடியே கிடந்தது. வுளு செய்யும்போது அவர் வெறுங்காலோடுதான் உள்ளே போவார். செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, குழாய்க்கு மேலே இரும்பு பைப்பில் கவ்வியிருந்த பச்சை ஒயர் கண்ணில் பட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவனே மாட்டியது. சுவரில் ஓட்டை போட்டுக் கூடத்துக்குப் போகிற ஒயர். மாட்டியதோடு மறந்துபோன ஒயர்.

அப்போதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது மாடி ஊ சோ படியேறி வந்தார். எழுபது வயது பர்மியர், மாமாவின் டீக்கடைக் கூட்டாளி. மையித்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்கே வந்தார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"கோ ஷாஹுல், இந்தத் தண்ணியில துரு இருக்கே. இதையா அவர் மேல ஊத்துவீங்க?" என்றார் பர்மியில். "என் வீட்டுல புடிங்க. மூணு வாரத்துக்கு முன்னால துருப்பிடிச்ச இரும்பு பைப்பை வெட்டி எறிஞ்சுட்டு முழுக்கப் பிளாஸ்டிக் போட்டேனில்ல? இப்பக் கண்ணாடி மாதிரி வருது."

"சரி," என்று ஷாஹுல் தலையாட்டினான். ஊ சோ கூடத்துக்குப் போய்விட்டார். அவன் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம். பிளாஸ்டிக்.

அவன் மெதுவாகத் திரும்பிப் பச்சை ஒயரைப் பார்த்தான்.

மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் பாதி வீட்டு இன்வெர்ட்டர் ஷாஹுலின் கை பட்டது. கரண்ட் இல்லாத ஊரில் அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அவன் ஆசையோடு செய்தது ஒன்றே ஒன்று. கூடத்து அலமாரியில் இருந்த ஆம்ப்ளிஃபயர். மாமாவுக்காகவே செய்தது. சந்தையில் குடைக்கடை வைத்திருந்த மாமாவுக்குப் பழைய கேசட்டுகள்தான் உலகம். பாட்டுக்கு நடுவே பாடகர் மூச்சு வாங்குகிற இடம் இருக்கிறதே, அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மூச்சு சுத்தமாகக் கேட்க வேண்டும் என்றுதான் ஷாஹுல் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய முறைப் பவர் சப்ளை கட்டினான். இன்வெர்ட்டர் கரண்டில் அது கரகரக்கும். அதனால் நேர் லைனில்தான் மாட்டியிருந்தான்.

கட்டி முடித்து முதல் பாட்டுப் போட்டபோது, பாடகர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு கேட்கவில்லை. "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்டது. மாமாவின் முகம் சுருங்கியது.

அன்றைக்கு ஷாஹுல் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். "இரைச்சல் ரெண்டு வகை மாமா. ஈ பறக்கிற மாதிரி மெலிசா, கரகரன்னு வந்தா பெட்டிக்குள்ள கோளாறு, கப்பாசிட்டர் போச்சுன்னு அர்த்தம். தடிப்பா, அடிவயித்துலேருந்து வர்ற மாதிரி கேட்டா அது வெளிய இருந்து வருது. எர்த் சரியில்லன்னு அர்த்தம்."

அது தடித்த இரைச்சல். இந்தக் கட்டடத்தில் எர்த் என்பதே கிடையாது. தண்ணீர் பைப் இரும்பு, நாலு மாடி இறங்கி மண்ணுக்குள் போகிறது. ஷாஹுல் பச்சை ஒயரை அதில் கவ்வ வைத்தான். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மிஸ்பா கேட்டாள். "குழாயிலயா? தண்ணில கரண்ட் வராதா?"

"இது கரண்ட் வர்ற ஒயர் இல்லடி, போற ஒயர்," என்று சிரித்தான் அவன்.

இரைச்சல் நின்றது. பாடகர் மூச்சு வாங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த இரைச்சல் திரும்பி வந்தது.

"மாப்ளே, தடிச்ச சத்தமா கேக்குது. நீங்க சொன்னீங்களே, வெளிய இருந்து வர்றதுன்னு, அது," என்றார் மாமா.

ஷாஹுல் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. போனில் ஏதோ பார்த்துக்கொண்டே, "கப்பாசிட்டரா இருக்கும் மாமா. நீங்க குடையப் பாருங்க, கரண்ட நான் பாக்குறேன்," என்றான். மாமா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவன் புதுக் கப்பாசிட்டர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். எதிலாவது மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது. மாட்டினான். இரைச்சல் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அலோன் துறைமுகப் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்கிற இடத்தில் இன்னும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. உள்ளே காப்பு வார்னிஷ் வெடித்துப் போன பழசு. அதையும் மாட்டினான். இரைச்சல் இன்னும் தடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமா கையை உதறிக்கொண்டு வந்தார். "குழாய் கடிக்குது மாப்ளே."

"குழாய் கடிக்குமா, வீட்டுக்குள்ள பாம்பு வளக்குறோமா?" என்றாள் மாமி. "சர்க்கர ஏறியிருக்கும், அதான் கை மதமதன்னு இருக்கு. ஒழுங்கா மாத்தரயப் போடுங்க."

"ஆமா மாமா, சர்க்கரதான்," என்று ஷாஹுலும் சொன்னான்.

இப்போது குளியலறையில் நின்றபடி அவன் ஒவ்வொன்றாகக் கோத்தான். பழுது பார்க்கிறவனின் புத்தி அது, ஒன்றை உறுதி செய்யாமல் அடுத்ததற்குப் போகாது. கீழே பிளாஸ்டிக் வந்துவிட்டால் இந்த இரும்புக்கு மண்ணோடு தொடர்பு இல்லை. மேலே மாடித் தொட்டியும் பிளாஸ்டிக். நடுவில் தொங்குகிற இரும்புத் துண்டு இது. டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் கசிந்தால் பெட்டியின் உடம்பில் இருநூற்று முப்பது வோல்ட் ஏறும். பெட்டியிலிருந்து பச்சை ஒயர். பச்சை ஒயரிலிருந்து பைப். பைப்பிலிருந்து...

ஆனால் காலை ஐந்து மணிக்கு ஆம்ப் ஓடியதா?

ஓடியது. அவனே கேட்டான். நேற்று ராத்திரி பாட்டுக்கு நடுவில் கரண்ட் போயிற்று. யாரும் ஸ்விட்சை அணைக்கவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தானே எழுந்து பாடத் தொடங்கியது. படுக்கையில் புரண்டுகொண்டே, மாமா வுளுவுக்கு முன்னாடியே பாட்டுப் போட்டுட்டாங்களா என்று நினைத்தான். இரைச்சல் அதிகமா இருக்கே, ஞாயிற்றுக்கிழமை பார்க்கணும் என்று நினைத்தான். பத்து நிமிடத்தில் கரண்ட் மறுபடி போயிற்று. பாட்டு நின்ற பிறகும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடியே அவன் தூங்கிப் போனான்.

"தம்பி, என்ன கல்லு மாதிரி நிக்கிறீங்க?" லெப்பை கைலியை மடித்துக் கட்டினார். "கொஞ்சம் நகருங்க. மணி பன்னண்டாச்சு."

"கரண்ட் எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டான் ஷாஹுல்.

"ஒரு மணி முறை. வந்தா வருது, வராட்டிப் போகுது. நமக்குத் தண்ணி மாடித் தொட்டிலேருந்து தானா எறங்குது, கரண்டு எதுக்கு?"

ஒரு மணி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிட வேண்டும். ஒருவேளை டாக்டர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் ரப்பே.

அவன் கூடத்துக்குப் போனான்.

பெண்கள் மையித்தைச் சுற்றிக் குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் மாமி. பக்கத்தில் மிஸ்பா, அழுது வீங்கிய முகத்தோடு. ஷாஹுல் மண்டியிட்டு வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கினான். மாமாவின் வலது கையை வெளியே எடுத்தான். கை குளிர்ந்து விறைத்திருந்தது. மடங்கியிருந்த விரல்களை மெதுவாகப் பிரித்தான்.

உள்ளங்கையில், சுட்டுவிரலின் அடியில், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு காயம். நடுவில் சாம்பல் நிறம். ஓரம் கறுத்திருந்தது.

"பாரு, கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதை. மருமகனா, மகனான்னு தெரியல," என்று மாமி விம்மினாள். பெண்கள் தலையசைத்தார்கள்.

தெருவில் ஒரு பிள்ளை கத்தியது. இன்னொரு பிள்ளை. பிறகு அந்தத் தெருவே கத்தியது.

"மீ லாபீ! மீ லாபீ!"

கரண்ட் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் முன்னதாக. உள்ளறையில் இன்வெர்ட்டர் 'டக்' என்று மாறியது.

அலமாரியிலிருந்து இரைச்சல் எழுந்தது. தடித்த, அடிவயிற்று இரைச்சல். அதற்கு மேல் பாட்டு. மையித்துக்குப் பக்கத்தில், யாஸீனுக்கு நடுவில், ஓர் ஆண் குரல் பாதி வரியிலிருந்து உருகி உருகிப் பாடத் தொடங்கியது.

பெண்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஷாஹுல் எழுந்து பெட்டியின் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினான். உலோக முகப்பு. விரல்கள் ஒரு சாண் தூரத்தில் நின்றன. கையை இழுத்துக்கொண்டான்.

"லெப்பை!" என்று அலறினான்.

அலறிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். நாற்காலியில் இருந்த ஒருவரின் காலில் இடறினான். மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கையாலும் கீழே அடித்தான்.

பாட்டு நின்றது. இரைச்சல் நின்றது.

சமையலறைப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று...

"என்ன தம்பி?" லெப்பை கூடத்து வாசலில் வந்து நின்றார். சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. கை காய்ந்திருந்தது. "குழாயத் தொறக்கப் போனேன், இப்படி அலறுறீங்க?"

ஷாஹுல் கதவில் சாய்ந்துகொண்டான்.

"மையித்து வீட்டுல பாட்டுப் பாடுதுல்ல, அதான் மாப்ள பதறிட்டாரு," என்றார் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர். "என்ன ஓட்டம் ஓடுனாரு! மாமனார் மேல எம்புட்டு மரியாத பாருங்க."

"அல்லாஹ் கூலி கொடுப்பான்," என்றார் இன்னொருவர்.

"எங்க கூட்டத்துல இந்த மாதிரி ஒரு மாப்ள இல்ல," என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

அவன் ஒவ்வொரு வார்த்தையையும் நின்று வாங்கிக்கொண்டான்.

மிஸ்பா மாமாவின் கையைத் துணிக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

ஷாஹுல் அலமாரிக்குப் பின்னால் கை விட்டு பிளக்கைப் பிடுங்கினான். குறடை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். "ஒரு நிமிஷம் லெப்பை, கொடிக்கயிறு தடுக்குது, கழட்டிர்றேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டான். கவ்வியைத் திருகினான். துரு ஏறி இறுகியிருந்தது. மூன்றாம் முறை திருகியதும் கழன்றது. ஒயரைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது சமையலறையில் மிஸ்பா நின்றாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாட்ட நிறுத்த பெட்டிய அமத்துனா போதாதா?" என்றாள் மெதுவாக. "பக்கத்துலதானே நின்னீங்க."

அவன் ஒயரை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கைய நீட்டிட்டு ஏன் இழுத்துக்கிட்டீங்க?"

அவன் உள்ளங்கையை விரித்தான். பச்சை ஒயர் சுருள் மெல்லத் தளர்ந்து விரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள். மையித்துக் குளியலுக்குப் போட்ட இலந்தை இலைகள் மேலே வந்து வந்து கீழே போயின.

"அன்னைக்கு நான் கேட்டேன்," என்றாள்.

"மிஸ்பா..."

"தண்ணி ஆறுறதுக்குள்ள கொண்டு போங்க. லெப்பை காத்துக்கிட்டிருக்காரு."

மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மருமகன்தான் கூட நின்று குளிப்பாட்ட வேண்டும் என்றார் லெப்பை. நான்கு பேர் தூக்கி வந்து பலகையில் கிடத்தினார்கள். சமையலறைப் பக்கம் சேலையைத் திரையாகக் கட்டினார்கள். லெப்பை பிஸ்மி சொன்னார்.

"முதல்ல வலது கை. நீங்க புடிங்க தம்பி, நான் ஊத்துறேன்."

ஷாஹுல் கையைப் பிடித்தான். லெப்பை ஊற்றினார். ஊ சோ வீட்டுத் தண்ணீர். கண்ணாடி மாதிரி இருந்தது. விரல்களுக்கு நடுவே தேய்க்க லெப்பை உள்ளங்கையைத் திருப்பினார். ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"இது என்ன?"

குவளையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டியது. முப்பது வருடமாக உடம்புகளைக் கழுவுகிற கை, காயத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

"சுட்ட மாதிரில்ல இருக்கு? புதுசா இருக்கே."

சொல்லிவிடலாம் என்று ஷாஹுலுக்குத் தோன்றியது. இந்தக் குளியலறையில், இந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டால் ஒருவேளை... வாயைத் திறந்தான்.

"முந்தாநாளு தோசக்கல்ல எடுக்கப் போயி சுட்டுக்கிட்டாங்க லெப்பை," என்றது திரைக்கு அந்தப் பக்கமிருந்து மிஸ்பாவின் குரல். நடுக்கமில்லாத குரல். "வாப்பாவுக்குத்தான் சர்க்கரயாச்சே, சூடு தெரியாது."

"அப்படியா? மதீனாம்மா சொல்லவே இல்லியே."

"உம்மாவுக்குத் தெரியாது. திட்டுவாங்கன்னு மறச்சுட்டாங்க."

லெப்பை ஷாஹுலைப் பார்த்தார். ஷாஹுல் மாமாவின் கையைப் பார்த்தான். லெப்பை குவளையில் மறுபடி தண்ணீர் மொண்டார்.

"சரி. வலிக்காம தேச்சு விடுங்க," என்றார்.

அவன் தேய்த்து விட்டான்.

மையித்தைக் கபன் துணியில் சுற்றிச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். சுழல் படியில் நாலு மாடி இறக்குவது பெரும் பாடாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சந்தூக்கைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டியிருந்தது. தலைப்பக்கம் ஷாஹுலின் தோள்மேல்தான் இருந்தது. இடையில் ஒரு மாடியில் யாரோ தோள் மாற்ற வந்தார்கள். அவன் விடவில்லை. அதற்கும் ஒருவர், "என்ன மாப்ளய்யா, என்ன மாப்ளய்யா!" என்றார். கீழே ரயில் பாதைப் பக்கம் ஊரைச் சுற்றுகிற வட்ட ரயில் கூவிக்கொண்டு போனது. ஜனாஸாத் தொழுகை முடித்து, கபர்க் குழியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பும்போது மாலை அசர் தொழுகை முடிந்திருந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். சமையலறையில் மிஸ்பா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான்.

"மாமிகிட்ட சொல்லிர்றேன்."

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னால முடியல மிஸ்பா. அவங்க என்னப் பாத்து மகன்னு சொல்றாங்க. எல்லாரும் என்னப் புகழுறாங்க. சொல்லிர்றேன். அடிக்கட்டும், தொரத்தட்டும்."

"சொன்னா உங்களுக்கு லேசாயிரும்," என்றாள் அவள். "உம்மாவுக்கு?"

தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

"குழாய் கடிக்குதுன்னு வாப்பா சொன்னப்ப, பாம்பு வளக்குறோமான்னு கேலி பண்ணுனது உம்மாதான். சர்க்கரன்னு சொன்னதும் உம்மாதான். நீங்க சொன்னீங்கன்னா அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். நாலு மாசம் பத்து நாளு இத்தா இருக்கணும் அவங்க, அந்த ரூமுக்குள்ளயே. அதையே நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?"

அவள் கடைசித் தட்டை மேலே வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க," என்றாள்.

பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை முடிந்தது. மாமியின் அறையில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் மாமி ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள். ஆண்களில் மருமகன் மட்டும் உள்ளே போகலாம். ஷாஹுல் வாசலை ஒட்டி உட்கார்ந்தான். மிஸ்பா தாயின் கால்மாட்டில் இருந்தாள்.

"மாப்ளே," என்றாள் மாமி. "அந்தப் பெட்டியில ஓதறதுக்கு ஏதாச்சும் போடுங்களேன். அவங்க ஆச ஆசயாக் கேட்ட பெட்டி. வீடு ஒரேயடியா அமைதியா இருக்கு. பயமா இருக்கு."

ஷாஹுல் மிஸ்பாவைப் பார்த்தான்.

"அது ரிப்பேரும்மா," என்றாள் மிஸ்பா.

"மத்தியானம் பாடுச்சே?"

"அதுக்கப்புறம் போயிருச்சு."

"மாப்ள இருக்காரே, ஒரு நிமிஷத்துல பாத்துத் தருவாரு."

"பாக்க மாட்டாரு," என்றாள் மிஸ்பா.

மாமி மகளைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். ஏதோ கேட்க நினைத்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. களைத்துப்போய் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிஸ்பா எழுந்து போய் ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். தன் போனில் குர்ஆன் ஓதலைத் தேடி எடுத்து, போனை டம்ளருக்குள் செங்குத்தாக நிறுத்தினாள். குரல் டம்ளரின் சுவர்களில் பட்டுக் கொஞ்சம் பெரிதாகி, தகரத்தின் கீச்சோடு அறைக்குள் வந்தது. ஓதுகிறவர் ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

ஷாஹுல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மிஸ்பா அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்துக் கையை நீட்டி, டம்ளரைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்தாள், தாயின் பக்கமாக.